பிரிட்ஜ் மேசையில் விதித் தகராறு எழுந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்குள்ள விடைகள் டூப்ளிகேட் பிரிட்ஜ் ஆடுபவர்களுக்காக எழுதப்பட்டவை. ஒரே சீட்டுப் பங்கீட்டைப் பல மேசைகளில் பல ஜோடிகள் ஆடி, யார் அதை மேலாக ஆடினார்கள் என்று ஒப்பிடும் ஆட்டம் அது. உலக பிரிட்ஜ் கூட்டமைப்பு 2017இல் வெளியிட்ட, 93 விதிகள் அடங்கிய தொகுப்பையே ஆதாரமாகக் கொண்டிருக்கிறேன். சொற்களைப் பொறுத்தவரை டிக்ளேரர் (ஏலத்தில் கிடைத்த ஒப்பந்தத்தை ஆடுபவர்), டம்மி (தன் சீட்டுகளை மேசையில் பரப்பி வைக்கும் அவர் கூட்டாளி), டிரிக் (நால்வரும் ஆளுக்கொரு சீட்டு இறக்கும் சுற்று), ரிவோக் (இறக்கப்பட்ட இனம் கையில் இருந்தும் வேறு இனம் போடுவது), கிளெய்ம் (மீதி டிரிக்குகளை ஆடாமலே உரிமை கோருவது) என மேசையில் வழங்குபவற்றை அப்படியே வைத்துக்கொண்டேன். இஸ்பேட், ஆட்டின், டைமண்ட், கிளாவர் ஆகிய நான்கில் ஒன்றை ‘இனம்’ என்று குறிக்கிறேன். டைரக்டர் என்று நாம் கூப்பிடுபவரே இங்கு ‘நடுவர்’.

தகராறு எழுந்தவுடன் முதலில் செய்ய வேண்டியது என்ன?

ஆட்டத்தை அப்படியே நிறுத்திவிட்டு நடுவரை அழைக்க வேண்டும். ஒரு பிழையை எவரேனும் சுட்டிக்காட்டிவிட்டால் உடனே நடுவர் வரவழைக்கப்பட வேண்டும் என்றும், அவர் வந்து எல்லாவற்றையும் விளக்கி முடிக்கும்வரை யாரும் ஏலம் கேட்கவோ சீட்டு இறக்கவோ கூடாது என்றும் 9ஆம் விதி கூறுகிறது. பிழை சுட்டப்பட்ட பிறகு டம்மி உட்பட நால்வரில் எவரும் அவரை அழைக்கலாம். பாதிக்கப்பட்ட தரப்பு நடுவரை அழைக்காமல் தொடர்ந்து ஆடிவிட்டுப் பின்னர் நிவாரணம் கேட்டால் அந்த உரிமையை இழக்க நேரலாம் என்று 11ஆம் விதி எச்சரிக்கிறது. ஆகவே ‘இந்தக் கை முடியட்டும், பிறகு பேசிக்கொள்ளலாம்’ என்ற நாகரிகம் இங்கு உதவாது.

நடுவரை அழைப்பது எதிராளியைக் குற்றம் சாட்டுவது போல் ஆகாதா?

ஆகாது. புதியவர்கள் இதைத்தான் மிகவும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். விதிகள் முதன்மையாகப் பிழைகளுக்குத் தண்டனை தருவதற்காக அல்ல, பிழை செய்யாத தரப்புக்கு நேரக்கூடிய இழப்பைச் சரிசெய்வதற்காகவே வகுக்கப்பட்டவை என்று தொகுப்பின் முன்னுரையே சொல்லிவிடுகிறது. வீட்டில் ரம்மி ஆடும்போது குரல் உயர்ந்தவர் பக்கம் தீர்ப்பு சாய்வதைப் பார்த்துப் பழகிய நமக்கு, வெளியாள் ஒருவரைக் கூப்பிடுவது பகையை வளர்ப்பதாகத் தோன்றுகிறது. உண்மையில் நால்வரும் தங்களுக்குள் வாதாடிக்கொள்ளும் அந்த இரண்டு நிமிடங்களில்தான் பகை வளர்கிறது. ஆயினும் அழைக்கும் தொனி முக்கியம். கையை உயர்த்தி, “நடுவர் அவர்களே, கொஞ்சம் வாருங்கள்” என்றால் போதும். அரங்கம் முழுதும் திரும்பிப் பார்க்கும்படி கத்துவது மரியாதை குறித்த 74ஆம் விதிக்கு ஒவ்வாது.

நால்வரும் ஒப்புக்கொண்டால் நாங்களே தீர்த்துக்கொள்ளலாமா?

கூடாது. நிவாரணத்தை நிர்ணயிக்கும் உரிமை நடுவருக்கு மட்டுமே உண்டு என்றும், ஆட்டக்காரர்கள் தாமாக அதை விதிக்கவோ விட்டுக்கொடுக்கவோ முடியாது என்றும் 10ஆம் விதி கூறுகிறது. நீங்களாகச் செய்துகொண்ட ஏற்பாட்டை அவர் பின்னர் ரத்து செய்யவும் கூடும்.

இதற்குக் காரணம் டூப்ளிகேட் ஆட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. உங்கள் மேசையில் பதிவாகும் மதிப்பெண், அதே சீட்டுகளை வேறு மேசைகளில் ஆடிய ஜோடிகளின் மதிப்பெண்ணோடு ஒப்பிடப்படுகிறது. நீங்கள் வடக்கு–தெற்காக அமர்ந்து, எதிராளியின் ரிவோக்கைப் பெருந்தன்மையாக மன்னித்தால், அதன் பலன் அவருக்குப் போகும். நட்டமோ உங்களோடு நிற்காமல், இந்தத் தகராறைப் பற்றி எதுவுமே அறியாமல் நான்கு மேசை தள்ளி அதே சீட்டுகளைக் கிழக்கு–மேற்காக ஆடிய ஒரு ஜோடிக்கும் போய்ச் சேரும். பிறர் பணத்தில் தருமம் செய்வது போன்றது இது. விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும் என்று உண்மையாகவே தோன்றினால், தக்க காரணத்தைச் சொல்லி நடுவரிடம் கேளுங்கள். பாதிக்கப்பட்ட தரப்பு வேண்டினால் நிவாரணத்தைக் கைவிட அவருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் முடிவு அவருடையது.

என் தவறை நானே ஒப்புக்கொள்ள வேண்டிய கடமை உண்டா?

பொதுவாக இல்லை என்பதே விதி; இது பலருக்கு வியப்பளிக்கிறது. தன் தரப்பின் பிழையைச் சுட்டிக்காட்ட வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. ஆனால் அதை மறைக்க எதையும் செய்யக் கூடாது: முதல் ரிவோக்கை மறைக்க இரண்டாவது ரிவோக் செய்வதும், சீட்டுகளைக் கலைத்துவிடுவதும் தடை செய்யப்பட்டவை. தன் தரப்பு வெல்லாத டிரிக்கைத் தெரிந்தே வாங்கிக்கொள்ளவும் கூடாது. ரிவோக் உறுதிப்படுவதற்கு முன் அதை நீங்களே உணர்ந்தால் திருத்தியாக வேண்டும். உங்கள் ஏலத்தின் பொருளைப் பற்றி உங்கள் கூட்டாளி எதிராளிகளுக்குத் தந்த விளக்கம் தவறாக இருந்தால் அதற்கும் தனிக் கடமை உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

ரிவோக் நடந்துவிட்டது. எத்தனை டிரிக் போகும்?

மேசையில் எழும் தகராறுகளில் மிகப் பழையதும் மிக அதிகமாகத் தவறாகச் சொல்லப்படுவதும் இதுதான். ‘ரிவோக் என்றால் இரண்டு டிரிக் அபராதம்’ என்று மூத்தவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். பாதி உண்மை.

இறக்கப்பட்ட இனத்தில் சீட்டு கையில் இருந்தும் வேறு இனத்தைப் போடுவது ரிவோக். அது உறுதிப்பட்டதா என்பதே முதல் கேள்வி. தவறு செய்தவரோ அவருடைய கூட்டாளியோ அடுத்த டிரிக்கில் சீட்டு இறக்கிவிட்டால், அல்லது அத்தரப்பு கிளெய்ம் செய்துவிட்டால், ரிவோக் உறுதிப்பட்டதாகும். அதற்கு முன்பு தெரியவந்தால் திருத்தியே ஆக வேண்டும். தவறாகப் போட்டவர் எதிர்ப்பு ஆட்டக்காரராக (டிக்ளேரரின் எதிர்த்தரப்பினராக) இருந்தால் அந்தச் சீட்டு மேசையிலேயே முகம் தெரியக் கிடக்கும்; விதிப்படி ஆடக்கூடிய முதல் வாய்ப்பில் அதை ஆடியாக வேண்டும். டிக்ளேரர் தவறியிருந்தால் சீட்டைத் திரும்பக் கையில் எடுத்துக்கொள்வார், அவ்வளவுதான்.

உறுதிப்பட்ட பிறகு, அந்த டிரிக்கை வென்றவர் யார் என்று பார்க்க வேண்டும். ஓர் எதிர்ப்பு ஆட்டக்காரர், கையில் டைமண்ட் இருந்தும் டைமண்டைத் துருப்பால் வெட்டி அந்த டிரிக்கை வென்றார் என்று கொள்வோம். அந்த டிரிக்கும், அதற்குப் பின் அவர் தரப்பு வென்றவற்றில் ஒன்றும் ஆக இரண்டு டிரிக்குகள் எதிர்த்தரப்புக்கு மாற்றப்படும். பின்னர் அவர் தரப்பு ஒன்றும் வெல்லவில்லை என்றால் அந்த ஒன்று மட்டுமே போகும். அவர் வெட்டாமல் வெறுமனே ஒரு கிளாவரைக் கழித்திருந்து, அந்த டிரிக்கையோ பிந்தைய ஒன்றையோ அவர் தரப்பு வென்றிருந்தால், மாற்றப்படுவது ஒரே ஒரு டிரிக். ரிவோக் நடந்த டிரிக்கிலிருந்து கடைசிவரை அத்தரப்பு ஒன்றுமே வெல்லவில்லை என்றால் மாற்றுவதற்கு எதுவும் இல்லை.

விஷயம் இத்துடன் முடிவதில்லை. இந்தக் கணக்கு இழப்பை ஈடுகட்டவில்லை என்று நடுவர் கருதினால் மதிப்பெண்ணையே திருத்துவார். டம்மியில் நீண்ட இனம் ஒன்று இருக்கிறது, அதற்குப் போகும் ஒரே வழியை ரிவோக் அடைத்துவிட்டதால் டிக்ளேரர் நான்கு டிரிக்குகளை இழந்தார் என்றால், இரண்டை மாற்றிக் கொடுத்து அனுப்பிவிட முடியாது. நான்கும் அவருக்குத் திரும்ப வேண்டும். டம்மி செய்யும் ரிவோக்குக்குத் தானாக டிரிக் மாற்றம் கிடையாது. அங்கும் பாதிப்பு இருந்தால் மட்டும் திருத்தம் வரும். 12ஆவது டிரிக்கில் நேர்ந்த ரிவோக், நால்வரின் சீட்டுகளும் போர்டுக்கு (அவற்றை வைத்து மேசைக்கு மேசை அனுப்பும் பலகைக்கு) திரும்புவதற்கு முன் தெரியவந்தால், திருத்தப்பட வேண்டும். பாதிக்கப்பட்ட தரப்பைச் சேர்ந்த ஒருவர் அடுத்த ஆட்டத்தில் ஏலம் கேட்டுவிட்ட பிறகு நினைவு வந்தால் தானியங்கி மாற்றம் இல்லை.

தவிர்க்கும் வழி எளிது. டிக்ளேரரிடம் டம்மி, “டைமண்ட் இல்லையா?” என்று கேட்கலாம். எதிர்ப்பு ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் கேட்பதையும் 2017 தொகுப்பு அனுமதிக்கிறது. ஆயினும் உங்கள் சங்கத்தின் நடைமுறையை முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள்.

டம்மி வாய் திறக்கலாமா?

டிக்ளேரர் தவறு செய்யப் போகிறார் என்றால் தடுக்கலாம். “இறக்கும் முறை உங்களிடம் இல்லை, டம்மியில் இருக்கிறது” என்று சொல்வது அவ்வகை. நடந்து முடிந்த பிழையை ஆட்டம் முடியும்வரை டம்மி முதலில் சுட்டிக்காட்டக் கூடாது. சீட்டுக் கட்டைப் பரப்பியவருக்கு எதிராளியின் ரிவோக் கண்ணெதிரே தெரிந்தும் 13ஆவது டிரிக்வரை உதட்டைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டியிருப்பது சோதனைதான்.

தவறான ஆள் முதல் சீட்டை இறக்கிவிட்டால்?

முகம் தெரிய இறக்கிவிட்டார் என்றால் டிக்ளேரருக்கு ஐந்து வழிகள் உண்டு. அதை ஏற்றுத் தன் கையைப் பரப்பித் தானே டம்மியாகலாம். அல்லது ஏற்று, வழக்கம்போல் டம்மி பரப்பப்பட்ட பின் தான் ஆடலாம். மறுத்தால், உரியவர் அதே இனத்தை இறக்க வேண்டும் என்று கட்டளையிடலாம். அந்த இனத்தை இறக்கக் கூடாது என்று தடுக்கலாம். இவ்விரண்டிலும் சீட்டு கைக்குத் திரும்பிவிடும். எதை வேண்டுமானாலும் இறக்கட்டும் என்று விட்டால், முறை தவறிய சீட்டு மேசையிலேயே தண்டச் சீட்டாகக் கிடக்கும். இவ்வளவையும் மனத்திலிருந்து ஒப்பிக்கும் ஆட்டக்காரரை நம்ப வேண்டாம். நடுவர் புத்தகத்தைத் திறந்து படிக்கட்டும். முதல் சீட்டைக் கவிழ்த்து வைக்கும் வழக்கம் இந்தச் சிக்கலைத் தவிர்ப்பதற்காகவே ஏற்பட்டது. கவிழ்த்த சீட்டை நடுவர் சொன்னால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

ஏலப்பெட்டியிலிருந்து தவறான அட்டையை எடுத்துவிட்டேன். மாற்றலாமா?

விரல் தவறியதா, மனம் மாறியதா என்பதே கேள்வி. ‘1 இஸ்பேட்’ என்று எண்ணி ஒட்டிக்கொண்டிருந்த பக்கத்து அட்டையை இழுத்துவிட்டால், உங்கள் கூட்டாளி அடுத்து ஏலம் கேட்கும்வரை மாற்றலாம். எடுக்கும் கணத்தில் அதையே எடுக்க எண்ணினீர்கள், பிறகுதான் முட்டாள்தனம் என்று உணர்ந்தீர்கள் என்றால் வாய்ப்பில்லை.

முந்தைய ஏலத்துக்குக் குறைவாகக் கேட்டுவிட்டால் (எதிராளி 2 ஆட்டின் கேட்டிருக்க நீங்கள் 1 இஸ்பேட் வைத்தால்) உங்கள் இடப்பக்கத்து எதிராளி அதை அப்படியே ஏற்கலாம். ஏற்காவிட்டால், அதே இனத்தில் போதுமான மிகக் குறைந்த அளவான 2 இஸ்பேடுக்கு உயர்த்தும்போது பெரும்பாலும் ஏலம் தடையின்றித் தொடரும். வேறு திருத்தங்களில், மாற்று ஏலம் முதலாவதற்கு ஒப்பான பொருள் தருகிறதா என்று நடுவர் பார்ப்பார். இல்லையெனில் உங்கள் கூட்டாளி அந்த ஏலம் முழுதும் பாஸ் சொல்ல வேண்டியிருக்கும்.

எதிராளி நெடுநேரம் யோசித்துவிட்டுப் பாஸ் சொன்னார். அவர் கூட்டாளி அதைப் பயன்படுத்திக்கொண்டார் என்று நினைக்கிறேன். இது முறைகேடு அல்லவா?

யோசிப்பது முறைகேடு அல்ல. யோசிக்காமல் ஆடும் ஆட்டமே அல்ல இது. சீரான வேகத்தில் ஆடுவது விரும்பத்தக்கது என்று மட்டுமே 73ஆம் விதி சொல்கிறது. தன்னையறியாமல் வேகம் மாறினால் அதுவே பிழையாகாது. ஆனால் அந்தத் தயக்கம், அல்லது வழக்கத்துக்கு மாறான வேகம், ஒரு பெருமூச்சு, குரலின் அழுத்தம் ஆகியவற்றிலிருந்து கூட்டாளி பெறும் செய்தி அவர் பயன்படுத்தக் கூடாத செய்தி. 16ஆம் விதியின்படி, தனக்கு முன்னிருந்த நியாயமான மாற்று வழிகளுள், அந்தச் செய்தி சுட்டிக்காட்டிய வழியை அவர் தேர்ந்தெடுக்கக் கூடாது.

ஓர் எடுத்துக்காட்டு: நீங்கள் 4 இஸ்பேட் (இஸ்பேட் துருப்பாகப் பத்து டிரிக் எடுப்பதாக) கேட்கிறீர்கள். இடப்பக்கத்தவர் ஒரு நிமிடம் மோட்டுவளையைப் பார்த்துவிட்டுப் பாஸ் சொல்கிறார். உங்கள் கூட்டாளியும் பாஸ். வலப்பக்கத்தவர், மிகச் சாதாரணமான கையோடு, 5 ஆட்டின் கேட்டு அந்த ஒப்பந்தத்தைப் பெற்றுவிடுகிறார். நடுவர் இங்கே அவருடைய நேர்மையை விசாரிப்பதில்லை. அதே தரத்தில் உள்ள, இந்த ஆட்டத்தைப் பார்த்திராத சிலரிடம் அந்தக் கையைக் கொடுத்து, தயக்கத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், “இந்த ஏலத்துக்குப் பிறகு நீங்கள் என்ன கேட்பீர்கள்?” என்று கேட்பார். கணிசமானோர் பாஸைத் தீவிரமாகப் பரிசீலித்து, அவர்களுள் சிலர் பாஸே சொன்னால், பாஸ் ஒரு நியாயமான மாற்று வழி. 5 ஆட்டின் ரத்தாகி 4 இஸ்பேட் ஆடியிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய முடிவு பதிவாகும். அந்த ஒப்பந்தத்தில் பத்து டிரிக் கிடைக்குமா ஒன்பதா என்பது உறுதியில்லை என்றால், இரண்டு முடிவுகளையும் 60 விழுக்காடு, 40 விழுக்காடு என எடை போட்டுக் கலந்தும் தரலாம். கேட்கப்பட்ட எல்லோரும் யோசனையின்றி 5 ஆட்டின் என்றால் எதுவும் மாறாது.

இவ்வகையில் மதிப்பெண் திருத்தப்பட்டவர்கள் தங்களை ஏமாற்றுக்காரர் என்று அறிவித்துவிட்டதாகக் கருதி மாதக்கணக்கில் பேசாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். கூட்டாளி யோசித்தார் என்ற செய்தியைக் காதில் வாங்காமல் இருப்பது எவராலும் இயலாது என்பதை ஒப்புக்கொண்டுதான் விதியே எழுதப்பட்டிருக்கிறது.

மறுபுறம், எதிராளியின் தயக்கத்திலிருந்து நீங்கள் ஊகித்துக்கொண்டால் அது உங்கள் சொந்தப் பொறுப்பு. டிக்ளேரராக இருந்து ராணி யாரிடம் என்று தேடும்போது, அந்த இனத்தில் ஒற்றைச் சீட்டு மட்டும் வைத்திருப்பவர் யோசிப்பதுபோல் காட்டினால் கதை வேறு. யோசிக்க ஆட்டக் காரணமே இல்லாத இடத்தில் காட்டிய தயக்கம் உங்களைத் தவறாக நடத்திச் சென்றிருந்தால் மதிப்பெண் திருத்தப்படும்.

கையில் இல்லாததைக் கேட்டு ஏமாற்றினார்கள் என்று புகார் செய்யலாமா?

எதிராளியையும் தன் கூட்டாளியையும் ஒருசேர ஏமாற்றும் ஏலம் சட்டப்படி சரியானதே. கூட்டாளிக்கு மட்டும் அது முன்பே தெரிந்திருக்கக் கூடாது. தவறான விளக்கம் அப்படியல்ல. ஜோடிக்கு இடையே உள்ள உடன்பாட்டை முழுமையாக அறிய எதிராளிக்கு உரிமை உண்டு. கூட்டாளி தவறாக விளக்கினால் ஏலத்தின்போது நீங்கள் முகத்திலும் காட்டக் கூடாது. ஒப்பந்தம் உங்கள் தரப்புக்கு வந்தால் கடைசிப் பாஸுக்குப் பின், முதல் சீட்டு இறங்குவதற்கு முன், நடுவரை அழைத்துத் திருத்த வேண்டும். எதிர்ப்பு ஆட்டக்காரராக இருந்தால் ஆட்டம் முடிந்த பிறகே. விளக்கம் தவறா ஏலம் தவறா என்று தீர்மானிக்கச் சான்றில்லாதபோது விளக்கமே தவறு என்று நடுவர் கொள்வார். எழுதி வைத்த உடன்பாட்டு அட்டை இங்குதான் காப்பாற்றும்.

“மீதி எல்லாம் எனக்கு” என்று டிக்ளேரர் கையைக் காட்டிவிட்டார். ஒரு துருப்பு என்னிடம் இருக்கிறதே?

கிளெய்ம் மறுக்கப்பட்டதும் ஆட்டம் நிற்கும். “ஆடிக் காட்டுங்கள் பார்ப்போம்” என்று வற்புறுத்த வேண்டாம். மறுக்கும் தரப்பு கேட்டு நால்வரும் உடன்பட்டால் தொடர்ந்து ஆட 2017 தொகுப்பு இடம் தருகிறது, அப்போது கிளெய்ம் நடக்கவே இல்லை என்றாகி, ஆடிப் பெற்றதே முடிவாகும். ஒருவர் உடன்படாவிட்டாலும் நடுவர் வர வேண்டும்.

அவர் முதலில் கேட்பது, கிளெய்ம் செய்தபோது சொன்ன சொற்களை. ‘துருப்பை வாங்கிவிட்டு மீதி எனக்கு’ என்று சொல்லியிருந்தால் பிரச்சினை இல்லை. துருப்பைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை, அது வெளியே இருப்பதை அவர் மறந்திருக்கக்கூடும், இயல்பான ஏதேனும் ஓர் ஆட்ட வழியில் அந்தத் துருப்பு ஒரு டிரிக் எடுத்திருக்கும் என்ற மூன்றும் பொருந்தினால் டிரிக் உங்களுக்கு. ‘இயல்பான’ என்பதில் அந்தத் தர ஆட்டக்காரர் செய்யக்கூடிய கவனக்குறைவான, தரம் குறைந்த ஆட்டமும் அடங்கும் என்பது விதியிலேயே உள்ள குறிப்பு. எனவே, “நான் அப்படி ஆடியிருக்கவே மாட்டேன்” என்ற வாதம் பொதுவாக எடுபடாது. முதலில் சொல்லாத நுட்பமான வழியைப் பிறகு புகுத்தவும் முடியாது. முடிந்தவரை இரு தரப்புக்கும் நியாயமாக, ஐயம் வரும் இடத்தில் கிளெய்ம் செய்தவருக்கு எதிராக, என்பதே 70ஆம் விதியின் அளவுகோல்.

நடந்தது என்ன என்பதிலேயே இரண்டு கதை சொல்கிறார்கள். நடுவர் யாரை நம்புவார்?

கிடைக்கும் சான்றுகள் எந்தப் பக்கம் கனக்கின்றனவோ அந்தப் பக்கம். நேரில் பார்த்திராத அவர் உறுதியாக அறிய வாய்ப்பில்லை. ஆடிய சீட்டுகளை ஒவ்வொருவரும் தம் முன்னே வரிசையாக, வென்றதை நெடுக்காகவும் தோற்றதைக் குறுக்காகவும் கவிழ்த்து வைப்பது வெறும் அழகுக்காக அல்ல. எத்தனை டிரிக் என்று உடன்பாடு எட்டும்முன் தம் சீட்டுகளைக் கலைத்துவிட்டவர், ரிவோக் பற்றியோ டிரிக் எண்ணிக்கை பற்றியோ உரிமை கோரும் நிலையைத் தாமே கெடுத்துக்கொள்கிறார்.

சைகை காட்டி ஏமாற்றுகிறார்கள் என்று சந்தேகம் வந்தால்?

மேசையில் ஒரு சொல்லும் பேசாதீர்கள். நடுவரிடமோ அமைப்பாளரிடமோ தனியாகச் சொல்லுங்கள். 1965இல் புவெனஸ் அயர்ஸில் நடந்த உலகப் போட்டியில், சீட்டைப் பிடித்த விரல்களின் மூலம் செய்தி பரிமாறினார்கள் என்று இங்கிலாந்தின் டெரன்ஸ் ரீஸ், போரிஸ் ஷபீரோ ஆகியோர் மீது குற்றச்சாட்டு எழுந்தது. உலகக் கூட்டமைப்பு குற்றம் உண்டு என்றது. பிரிட்டனில் நடந்த தனி விசாரணை அதற்கு மாறாக முடிவு செய்தது. 1975இல் பெர்முடாவில் இரண்டு இத்தாலிய ஆட்டக்காரர்கள் மேசைக்கு அடியில் காலால் தட்டிக்கொண்டார்கள் என்ற புகாருக்குப் பிறகு, கால்கள் தொடாதபடி மேசைக்கு அடியில் சிறிய காப்பி மேசைகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். கூட்டாளியின் முகம் தெரியாதபடி குறுக்கே நிறுத்தும் திரையும் அந்தப் போட்டியில்தான் அறிமுகமாகியிருந்தது. கைக்கும் முகத்துக்கும் திரை போட்டவர்களுக்குக் கால் நினைவுக்கு வரவில்லை போலும். உலகத் தரத்து நிபுணர்களே ஆண்டுக்கணக்கில் வாதாடியதை வார இறுதி ஆட்டத்தில் நாம் தீர்த்துவிட முடியாது.

வீட்டிலும் இணையத்திலும் என்ன செய்வது?

இணைய ஆட்டத்தில் மென்பொருள் ரிவோக்கையும் முறை தவறிய சீட்டையும் அனுமதிக்காது. எஞ்சுவன தவறான விளக்கம், தயக்கம், கிளெய்ம் ஆகியவை. வீட்டில் ஆடும்போது, மேசையில் உட்காராத ஒருவரை, தொலைபேசியில் கிடைப்பவராக இருந்தாலும் சரி, ஆட்டம் தொடங்கும் முன்பே நால்வரும் ஒப்புக்கொண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தீர்ப்பை ஏற்க முடியவில்லை. மேல்முறையீடு உண்டா?

உண்டு. அமைப்பாளர் வேறு கெடு விதிக்காவிட்டால், அதிகாரபூர்வ மதிப்பெண் வெளியான 30 நிமிடத்துக்குள் செய்ய வேண்டும். ஜோடியில் இருவரும் உடன்பட வேண்டும். மதிப்பெண் கணக்கில் நேர்ந்த பிழையைத் திருத்தவும் பொதுவாக அதே 30 நிமிடம்தான். மேல்முறையீட்டுக் குழு நடுவரின் மதிப்பீட்டை மாற்றலாம். ஆனால் விதி இதுதான் என்று அவர் சொன்னதை ரத்து செய்ய முடியாது, மறுபரிசீலனை செய்யுமாறு பரிந்துரைக்க மட்டுமே முடியும்.

நடுவரே விதியைத் தவறாகச் சொல்லிவிட்டால்?

அதனால் அந்த ஆட்டத்தை இயல்பாக மதிப்பிட முடியாமல் போனால், இரண்டு தரப்பையும் தவறு செய்யாதவர்களாகக் கொண்டு அவர் மதிப்பெண்ணைத் திருத்தித் தர வேண்டும் என்று 82ஆம் விதி கூறுகிறது. சந்தேகம் தோன்றும்போதே, “அந்த விதியைப் படித்துக் காட்ட முடியுமா?” என்று பணிவாகக் கேட்கலாம், நல்ல நடுவர் எவரும் இதற்குக் கோபப்படுவதில்லை.